இருபத்தொரு மில்லிமீட்டர்

மே மாசம் கிருஷ்ணகிரியில் எல்லாக் கட்டிக்கும்
ஒரே காரணம்தான், மாம்பழம்.
"சூடு கெளம்பிருச்சும்மா" என்பார்கள்
கையை நீட்டி, முழங்காலை நீட்டி,
சிலர் கூச்சத்தோடு சேலையை ஒதுக்கி.
பஞ்சுக்குச்சியில் சீழைத் தொட்டெடுத்து
குழாயில் பெயர் ஒட்டுகிறேன்.
மாம்பழத்துக்கு வக்காலத்து வாங்க
எனக்குச் சம்பளம் தரவில்லை.

லகுமம்மா, முப்பத்தி நாலு வயசு,
காவேரிப்பட்டணம் ரோட்டுக் கூழ் ஆலை.
தோல் சீவும் கத்தி கட்டை விரலில் இறங்கியது திங்கள்.
வியாழனுக்குள் விரலே ஒரு செந்தூரா,
காம்புப் பக்கம் சிவந்து, நுனியில் மஞ்சளித்து.
"அஞ்சு நாளைக்குத் தரட்டான்னு மெடிக்கல்ல கேட்டாருங்க.
ரெண்டு நாளைக்குத்தான் காசு இருந்துச்சு."

மறுநாள் மூடியைத் திறந்தால்
ரத்தத் தட்டில் தங்கப் பொட்டுகள்.
சாயம் ஏற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தால்
ஊதாத் திராட்சைக் குலை.
பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்,
இன்னும் அசிங்கமாகத் தெரியவில்லை.

பிறகு இன்னொரு தட்டில் வில்லைகள்.
மருந்து ஊறிய காகிதப் பொட்டு ஒவ்வொன்றும்
தன்னைச் சுற்றி எவ்வளவு தூரம்
எதையும் முளைக்க விடவில்லை என்று
ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.
செஃபாக்சிட்டினுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்றால்
நீல மை.
இருபத்தொன்று, அதற்குக் கீழே என்றால்
சிவப்பு.
லகுமம்மாவுக்கு ஆறு.
வில்லையின் அகலமே ஆறுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துப் பதிவேட்டில்
சிவப்பெல்லாம் வார்டிலிருந்து வந்தவை:
தீக்காயம், இடுப்பெலும்பு ஆபரேஷன்,
டிரிப் ஊசி ஒரு வாரம் தங்கிய மணிக்கட்டு.
"எத்தனை நாளா படுத்திருக்காரு?" என்று கேட்போம்.
பதிலிலேயே காரணம் இருக்கும்.

இப்போது கேட்டால்
பர்கூர்ப் பக்கத்துக் கபடிப் பையன்கள் ஏழு பேர்,
ஒரே துண்டில் முகம் துடைத்தவர்கள்,
இந்த வாசலையே இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.
கிரானைட் பட்டறைத் திம்மராஜ்
பிறந்ததிலிருந்து ஊசியே போட்டதில்லை என்கிறான்,
பெருமையாக.
நாற்பது நாள் குழந்தை ஒன்று,
பெயர் வைக்கவில்லை,
'நீலாவதி குழந்தை' என்று எழுதினேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
ஆஸ்பத்திரியில் தொற்றியதா, வெளியிலா?
குழந்தை பிறந்தது இங்கே, மேல்மாடியில்.
கட்டி வந்தது வீட்டில்.
நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ, ஒன்பது பேர் மடி.
எங்கே டிக் அடிப்பது?
அதென்ன, டோக்கன் வாங்கிக்கொண்டா
உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறது?

போன வாரம் டாக்டர் ஃபர்சானா
ஊழியர் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விடச் சொன்னார்.
பெயர் வேண்டாம், எண் போதும்.
பெருக்குகிற சாலம்மாவிலிருந்து சர்ஜன் வரை.
தட்டு படிப்பவள் நான்.
பதினேழு யாரென்று எனக்கு மட்டும் தெரியும்.

பதினேழு, தங்கம்.
வட்டம் பதினாறு.
ஸ்கேலை மாற்றி அளந்தேன். பதினாறு.
ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்து அளந்தேன்.

காய்ச்சல் இல்லை. ஒரு பரு கூட இல்லை.
எந்த வருஷம் குடிவந்ததோ,
அட்வான்ஸ் கொடுக்காமல், சத்தம் காட்டாமல்,
நான் விடுகிற மூச்சு அதன் வாசற்படி.
குழந்தை பிடரியில் முத்தியிருக்கிறேன்.
முகத்தைத் தொட்ட கையால்தானே
சோறும் பிசைந்தேன்.

களிம்பு அஞ்சு நாள், சோப்புக் குளியல் அஞ்சு நாள்.
அதற்கு வழி இருக்கிறது, பயமில்லை.
பதிவேட்டில் சிவப்பாலேயே எழுதினேன்.
உள்ளேயா வெளியேயா என்ற கட்டத்தில்
பேனா சும்மா நின்றது.

போன மே மாசம்
என் மகன் பிடரியில் ஒரு கட்டி, எலுமிச்சை அளவு.
"மாம்பழத்தக் கொறைடா" என்றது
நானேதான்.

மத்தியானம் போன் செய்தான்.
"பங்கனப்பள்ளி வந்திருக்கும்மா, நறுக்கி வெக்கட்டா?"
கையைக் கழுவு என்றேன்.
கத்தியையும்.